ஒரு வரி தப்பு

அத்தியாயம் 14

வழக்கமாக விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் சர்ச் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிடும். அன்று பாடவில்லை. பேட்டையில் யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. பெண்கள் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு மிளகாய்க் களத்துக்குப் போய்விட்டார்கள்.

கருணம்மா மட்டும் போகவில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுவரில் மாட்டியிருந்த பைபிள் வசனப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பார்த்துக்கா. ஆணியோட பேர்ந்து வந்துடப் போகுது," என்றான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் தம்பி ஆனந்தராவ்.

பலகை கையோடு வந்துவிட்டது. ஆனால் அது இருந்த இடத்தில், புகை படிந்த நீலச் சுவரில், வெள்ளை வெளேரென்று ஒரு கட்டம் தெரிந்தது.

"போச்சு! இது பலகையை விடச் சத்தமா பேசுதே!" என்று தலையில் கை வைத்தான் ஆனந்தராவ்.

பெட்டிக்கடைக்காரரிடம் இரவல் வாங்கி வந்திருந்த ஏழுமலையான் படத்தை அந்தக் கட்டத்தின் மேல் மாட்டினான். படம் சின்னது. நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது.

கருணம்மா அந்தப் படத்தை ஏறிட்டுப் பார்த்தாள். 'உங்களையும் எங்க பொய்க்குள்ள இழுத்துட்டோமே' என்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

ஒன்பது நாளைக்கு முன்புதான் அந்த வீட்டில் பண்டிகை. ஜூனியர் சிவில் நீதிபதி தேர்வில், மூன்றாவது முயற்சியில், மகள் ஹெப்சிபாவின் பெயர் எஸ்.சி. ஒதுக்கீட்டுப் பட்டியலில் வந்திருந்தது. கருணம்மா வீடு வீடாகப் பூரணப் போளி கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுப்பு ஆறுவதற்குள் மண்டல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. யாரோ மொட்டைக் கடிதாசி போட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம், சாதிச் சான்றிதழ் செல்லாது என்று. விசாரணை இன்று பதினொரு மணிக்கு, வீட்டிலேயே.

கிறிஸ்தவராக மாறியவர்களுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது என்பது சட்டம். பேட்டையில் பலபேருக்கு இரண்டு பெயர் இருப்பது அதனால்தான். பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒன்று, ஞானஸ்நானத்தில் ஒன்று. ஹெப்சிபாவுக்குச் சான்றிதழ்களில் பெயர் ராஜகுமாரி.

"நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னைக்கு யார் வாயிலயும் ஹெப்சின்னு வரக் கூடாது. ராஜகுமாரி. சொல்லுக்கா," என்றான் ஆனந்தராவ்.

"ராஜகுமாரி."

"கும்பிடுற சாமி?"

"போலேரம்மா. அப்புறம் திருப்பதி வெங்கன்னா."

"சர்ச்சுக்குப் போறீங்களா?"

"அந்தப் பக்கமே போனதில்லை."

"பாஸ்!" என்று சிரித்தான். அவன் கண் சிரிக்கவில்லை. ஒட்டுப்பொட்டு அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அக்காவின் நெற்றியில் தானே ஒன்றை ஒட்டினான்.

ஹெப்சிபா வாசற்படி ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வயது. நரசராவுபேட்டை கோர்ட்டில் ஐந்து வருஷமாக ஜூனியர் வக்கீல். கடிதம் வந்த நாளிலிருந்து அவள் அதிகம் பேசவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தைக் கருணம்மா சம்மதமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

எப்படி எடுத்துக்கொள்ளாமல் இருப்பாள்? இது இன்று நேற்று வந்த ஆசையா? ஹெப்சிபாவுக்கு ஒன்பது வயதில் அவள் அப்பா பிரபுதாஸ் ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போனார். லாரியில் மூட்டை ஏற்றுகிற மனிதர். ஊருக்குள் எந்த வீட்டுக்குப் போனாலும் நின்றுகொண்டே பேசிவிட்டு வருகிறவர். அங்கே நீதிபதியாக இருந்த அம்மாள், கால் வீங்கியிருந்த அவரைப் பார்த்து, "இவருக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றாளாம். வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொன்னார். "நாற்காலி போடச் சொன்னாங்கடி கருணா!"

மறுநாள் காலை மகள் சொன்னாள், "அப்பா, நான் அந்த அம்மா ஆகப் போறேன்."

ஆறு வருஷத்துக்கு முன்பு கிடங்கில் மூட்டை சரிந்து பிரபுதாஸ் போய்விட்டார். அன்றிலிருந்து கருணம்மா காம்பு கிள்ளினாள். கோடை முழுக்க மிளகாய்க் காம்பு. சோறு பிசைகிற விரல் நெருப்பாய் எரியும். மோரில் கையை நனைத்துக்கொண்டு அதே கையைக் கூப்பி ஜெபம் பண்ணுவாள். கேட்டது ஒன்றே ஒன்று. 'என் பிள்ளையை அந்த நாற்காலியில உட்கார வையும் ஆண்டவரே.'

அதற்காக ஒரு பொட்டு வைக்க மாட்டாளா?

பதினொன்றேகாலுக்கு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

வருவாய் ஆய்வாளர் பானுமூர்த்தி ஐம்பதைத் தாண்டியவர். உள்ளே நுழைந்ததும் களத்திலிருந்து வந்த மிளகாய் நெடியில் நாலு தும்மல் போட்டார்.

"உட்காருங்க சார்," என்று ஆனந்தராவ் நாற்காலியைத் துடைத்தான்.

"ஹெ..." என்று ஆரம்பித்த கருணம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ராஜகுமாரி, சாருக்குத் தண்ணி கொண்டா."

பானுமூர்த்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். படத்தையும் பார்த்தார், படத்தைச் சுற்றியிருந்த வெள்ளையையும் பார்த்தார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"எனக்கு இன்னும் மூணு ஊர் பாக்கி இருக்கும்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீ சொல்றதை எழுதுவேன், அவ்வளவுதான். என்ன சாமி கும்பிடுறீங்க?"

கருணம்மா வாயைத் திறந்தாள். தொண்டையில் சிக்கும் என்றுதான் பயந்திருந்தாள். சிக்கவில்லை.

"போலேரம்மா சார். அப்புறம் திருப்பதி வெங்கன்னா."

"சர்ச்சுக்கு?"

"அந்தப் பக்கமே போனதில்லை சார்."

பேனா தாளில் ஓடியது. பானுமூர்த்தி தலை நிமிரவேயில்லை. வீட்டுக்காரர் பெயர், இறந்த வருஷம், கல்யாணம் எந்த முறைப்படி நடந்தது. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆனந்தராவ் மூச்சை விட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா, நீ ஒரு கையெழுத்து. பொண்ணு ஒரு கையெழுத்து," என்று தாளை நீட்டினார்.

கருணம்மா வாங்கி, கோணல்மாணலாகத் தன் பெயரைப் போட்டாள். தாள் மகளிடம் போனது.

ஹெப்சிபா வக்கீல் அல்லவா? வாசிக்காமல் போட மாட்டாள். முதல் வரியிலிருந்து வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள்.

"சார், இதுல ஒரு வரி தப்பு."

"எழுத்துப் பிழையா?"

"இல்லை சார். நாங்க சர்ச்சுக்குப் போனதில்லைன்னு இருக்கு. நான் போறேன். போன ஞாயிற்றுக்கிழமைகூடப் போனேன்."

வெளியே ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டு ஓடியது.

பானுமூர்த்தி பேனாவை மூடினார்.

"பாரும்மா, நீ சட்டம் படிச்சவ. இந்த வரியை மாத்தினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை." எழுந்துகொண்டார். "எனக்கு ஒரு போன் பேசணும். பத்து நிமிஷம் ஆகும். தாள் இங்கயே இருக்கட்டும்."

வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். போனை எடுத்தாரே தவிர, காதில் வைக்கவில்லை.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?" ஆனந்தராவின் குரல் அடித்தொண்டையிலிருந்து சீறியது. "அந்த மனுஷன் வழிவிட்டுட்டு வெளியில போய் நிக்கிறார். சாமி கண்ணைத் திறந்தாலும் நீ இமையைப் பிடிச்சு மூடுறியே!"

"மாமா..."

"ஞானஸ்நானம் வாங்கினதும் நம்ம சாதி போயிடுச்சா? ஊருக்குள்ள எந்த வீட்டுல உன்னை நடுவீட்டுல உட்கார வச்சாங்க? சர்ச்சுக்குப் போனாலும் இதே பேட்டை, போகாட்டியும் இதே பேட்டை. மேல்சாதிக்காரனுக்கு நாம எப்பவும் அதே ஆளுங்கதான். காகிதத்துக்கு மட்டும் ஏண்டி வேற ஆளா இருக்கணும்?"

"நீங்க சொல்றது நிஜம் மாமா. இந்தச் சட்டம் நியாயம்னு நான் சொல்லலை. அது தப்புன்னு எந்தக் கோர்ட்டுலயும் நின்னு வாதாடுவேன். ஆனா என்னை ஒருத்தர் நேருக்கு நேரா கேட்டுட்டார். இத்தனை நாள் யாரும் கேட்கலை, நானும் சொல்லலை. அதுவே என் தப்பு."

"சுதீரை நினைச்சுப் பார்த்தியா?" ஆனந்தராவின் குரல் உடைந்தது. அவன் மகன் சுதீர் இரண்டு வருஷமாக அரசுப் பள்ளி வாத்தியார். இதே மாதிரிச் சான்றிதழ்தான். "மருமக ஏழு மாசம். உன் வாயிலிருந்து வர்ற ஒரு வார்த்தை நேரா என் வீட்டுக்குத்தான் வரும்."

ஹெப்சிபா கண்ணை மூடித் திறந்தாள். "உங்க வீட்டைப் பத்தி என் வாயிலிருந்து ஒரு எழுத்து வராது. சத்தியமா."

கருணம்மா மகளின் கையைப் பிடித்தாள். காம்பு கிள்ளிக் கிள்ளி வெடித்த விரல்கள்.

"போட்டுடுடி. பாவம் என் தலையில வரட்டும். நான் சொன்ன பொய்தானே? நீ வெறும் கையெழுத்துதானே போடுறே?"

"அம்மா, ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னாடி நீயும் நானும் முழங்கால்ல நின்னு யார்கிட்ட கேட்டோம்? அப்பா தவறிப்போன வருஷம் அடுப்பு எரியாத அன்னைக்கு யார் பேரைச் சொல்லி எழுந்து நடந்தோம்? கேட்கிற வரைக்கும் கேட்டுட்டு, கையில கிடைச்சதும் 'உன்னை எனக்குத் தெரியாது'ன்னு சொல்லச் சொல்றியா?"

"நான் சொல்லிட்டேனேடி!" என்றாள் கருணம்மா.

வாசலில் பானுமூர்த்தியின் நிழல் விழுந்தது.

ஹெப்சிபா வேறொரு தாள் கேட்டு வாங்கினாள். தன் கையாலேயே எழுதினாள். நாலே வரி. தான் ஞானஸ்நானம் பெற்றவள், ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவள், பள்ளிக்கூடத்தில் படித்தபோது கொடுத்த சாதிச் சான்றிதழையே இதுவரை பயன்படுத்தி வந்தவள் என்று. கீழே இரண்டு பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ராஜகுமாரி. ஹெப்சிபா.

பானுமூர்த்தி வாசித்துப் பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இந்தப் பேட்டையில வேற யாரெல்லாம் சர்ச்சுக்குப் போறாங்க?"

ஆனந்தராவ் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"என்னைப் பத்திக் கேட்டீங்க, சொன்னேன். அடுத்தவங்களைப் பத்திச் சொல்ல எனக்கு உரிமை இல்லை சார்."

"எழுத்துல கேட்டா?"

"எழுத்துலயும் இதையேதான் சொல்வேன்."

அவர் தலையாட்டினார். கருணம்மா கையெழுத்துப் போட்ட முதல் தாளை நாலாக மடித்து அவளிடமே நீட்டினார். "இது தேவையில்லைம்மா. நீயே வச்சுக்கோ."

வண்டியை உதைக்கும் முன் ஒரு நிமிஷம் தயங்கினார். "இருபது வருஷமா இந்த விசாரணைக்குப் போறேன். திருத்தி எழுதிக் கொடுத்தது நீ ஒருத்திதான். ரொம்ப நல்லதுன்னு சொல்ல மாட்டேன். உனக்குக் கஷ்டம்தான்."

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து போனது.

ஆனந்தராவ் ஏழுமலையான் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "உங்க அப்பன் போனப்புறம் உன்னைப் படிக்க வச்சவன் நான். இன்னையிலிருந்து உனக்கு மாமான்னு ஒருத்தன் கிடையாது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

கருணம்மா நெற்றிப் பொட்டைப் பிய்த்துக் கதவில் ஒட்டிவிட்டுக் களத்துக்குப் போனாள்.

பிப்ரவரி வெயிலில் களம் கண்ணெட்டும் தூரம் வரை சிவந்து கிடந்தது. காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அதற்குள் சேதி வந்துவிட்டது. யாரும் இடம் ஒதுக்கிக் கொடுக்கவில்லை. அவள் ஓரமாக ஒரு குவியலின் முன் தனியே உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் ஹெப்சிபா. அவளும் கிள்ள ஆரம்பித்தாள்.

"எழுந்து போ. கை எரியும்."

"எரியட்டும்."

"நீதிபதியம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை? ஓ, மறந்துட்டேன். நீதான் நீதிபதி ஆகப் போறதில்லையே!"

"அம்மா, நாளைக்கு நான் அந்த மேஜையில உட்கார்ந்து ஒருத்தனை 'சத்தியமா உண்மை சொல்லு'ன்னு கேட்கணும். எந்த முகத்தோட கேட்பேன்?"

"அந்த மேஜையே போயிடுச்சு. அதுக்கு ஏத்த முகத்தை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

குவியல் கரைந்துகொண்டே வந்தது. கருணம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மிளகாய் மேல் பழி போடலாம். போடவில்லை.

"உன் மேல கோபம் இல்லைடி," என்றாள் கடைசியில். குரல் வேறாக இருந்தது. "பொய் தொண்டையில நிக்கும்னு நினைச்சேன். வழுக்கிக்கிட்டு வந்துச்சு. முப்பது வருஷம் சர்ச்சுல சாட்சி சொன்ன வாய். கூட்டத்துல நான் ஜெபம் பண்ணினா மத்தவங்க அழுவாங்க. அந்த வாய் 'அந்தப் பக்கமே போனதில்லை'ன்னு சொல்லிச்சு. ஒரு நடுக்கம்கூட இல்லை. மறுதலிச்சுட்டேன் ஹெப்சி."

"எனக்காகத்தானே சொன்னே?"

"அப்படிச் சொல்லாதே. அது இன்னும் வலிக்குது."

ஹெப்சிபா அவள் தோளில் தலையைச் சாய்த்தாள். எதிர்க் குவியலில் இருந்த பெண்கள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார்கள்.

"பொதுப் பட்டியல்ல வர்றதுக்கு எவ்வளவு குறைஞ்சுது உனக்கு?" என்று கேட்டாள் கருணம்மா.

"பதினொரு மார்க்."

"நம்ம மாதிரி மாறினவங்களுக்கு வேற ஏதோ பட்டியல் இருக்காமே?"

"இருக்கு. அதுல இந்தத் தடவை இடமே இல்லை."

"அடுத்த தடவை எப்போ?"

"அறிவிப்பு வரணும். ஒரு வருஷமாகலாம், ரெண்டு வருஷமாகலாம். வயசு இருக்கும்மா. ஆனா, இன்னொரு தடவை முதல்லேருந்து... எனக்குப் பயமா இருக்கு."

கருணம்மா விரலால் மணலில் ஏதோ கணக்குப் போட்டாள். அவளுக்குத் தெரிந்தது எல்லாம் கூடைக்கணக்குதான்.

"பதினொண்ணுதானே? மூணு தடவை எழுதினே. ஒவ்வொரு தடவையும் எத்தனை கூட வந்துச்சு?"

"முதல்ல இருபது. அப்புறம் பதினாலு."

"அப்புறம் எதுக்குப் பயம்? காலையில நாலு மணிக்கு எழுப்புவேன். தூங்கினா தண்ணி ஊத்துவேன். நீ படி, நான் முழங்கால்ல நிக்கிறேன். என் வாய்க்கு வேற வேலை இல்லை. கெட்டுப்போனதைச் சரி பண்ணணுமே."

ஒன்பது நாளுக்குப் பிறகு ஹெப்சிபா சிரித்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டே சிரித்தாள்.

பொழுது சாய்ந்து இருவரும் வீடு திரும்பியபோது, பாஸ்டர் ஏசுபாதம் வாசலில் நின்றிருந்தார். பேட்டையில் எல்லாருக்கும் அவர் 'ஐயகாரு'தான். எழுபதை நெருங்கியவர். கையில் ஒரு காகிதம் படபடத்தது. அவருக்குப் பின்னால் தெருவில் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள்.

"வந்தனம் ஐயகாரு. உள்ள வாங்க," என்றாள் கருணம்மா.

"வந்தனம்மா. இப்பத்தான் ஆபீஸ் ஆள் வந்து கொடுத்துட்டுப் போனான்." காகிதத்தை ஹெப்சிபாவிடம் நீட்டினார். "நாளைக்குப் பத்து மணிக்கு ஞானஸ்நானப் பதிவேட்டோட நேர்ல வரணுமாம்."

கூட்டத்தில் ஒரு பெண் வெடித்தாள். "நல்லா சொன்னேடி உண்மையை! என் புருஷன் போலீஸ் வேலையைப் பிடுங்கிட்டு வீட்டுல உட்கார வச்சா, நீயா வந்து கஞ்சி ஊத்துவே?"

"அந்தப் புத்தகத்தைக் கொளுத்திட்டா எல்லாம் முடிஞ்சுது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஹெப்சிபா காகிதத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

"யாரும் பயப்படாதீங்க. நாளைக்கு ஐயகாரோட நான் போறேன், வக்கீலா. என் பேரைப் பத்தின விசாரணையில என் பக்கத்தை மட்டும்தான் பார்க்கலாம். மத்த பக்கத்தைத் திறக்க என்ன அதிகாரம்னு எழுத்துல கேட்பேன். ஆனா அதுக்குப் புத்தகம் என் கையில முழுசா இருக்கணும். கொளுத்தினா சாட்சியத்தை அழிச்ச குற்றம். ஐயகாரு இந்த வயசுல ஜெயிலுக்குப் போவார். யாரை நினைச்சுப் பயப்படுறீங்களோ, அத்தனை பேர் மேலயும் சந்தேகம் வரும்."

கூட்டம் முணுமுணுத்தது. ஐயகாரு தலையைக் குனிந்துகொண்டார்.

"அதைச் சொல்லத்தான் வந்தேன் பாப்பா. புத்தகம் சர்ச்சுப் பெட்டியில இல்லை. மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு. பூட்டு உடையலை. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட இருக்கு."

இன்னொன்று யாரிடம் என்று பேட்டைக்கே தெரியும். பன்னிரண்டு வருஷமாகச் சபைப் பொருளாளர் ஆனந்தராவ்.

தெருக்கோடியில் அவன் வீட்டுக் கொல்லையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. வெந்நீர் அடுப்பாக இருக்கலாம். அவன் வீட்டில் எப்போதும் அந்நேரத்துக்கு வெந்நீர் போடுவார்கள்தான்.

"நான் போய்க் கேட்கிறேன்," என்று ஹெப்சிபா படியிறங்கினாள்.

"நீ நில்லு. உன்னைப் பார்த்தா அவனுக்கு இன்னும் வெறி ஏறும்." கருணம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் தூக்கி வளர்த்த தம்பி. என் முகத்தைப் பார்த்து அவனுக்குப் பொய் சொல்ல வராது."

கூட்டத்தில் யாரோ வழிமறித்தார்கள். "விடு கருணம்மா! நாலு குடும்பம் பிழைச்சுப் போகட்டும். காணோம்னு சொல்லிட்டா என்ன?"

கருணம்மா நின்று அந்த ஆளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் சொன்ன ஒண்ணு போதும்யா," என்றாள். "அதுக்கே இன்னும் கணக்குத் தீரலை."

கூட்டம் விலகியது. அவள் புகை வந்த திசையை நோக்கி நடந்தாள். முதலில் நடை, பாதித் தெரு தாண்டியதும் ஓட்டம்.